இன்னும் வந்து சேரவில்லை

நான் முதன்முதலாகப் பீட்சா தின்றது திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு பாத்திரக்கடையின் மாடியில். மதுரையில் வாங்கி, பஸ்ஸில் ஆள் வைத்துக் கொண்டுவந்த பீட்சா. அட்டைப் பெட்டியைத் திறந்தபோது மேலே உருக்கி ஊற்றியிருந்ததெல்லாம் உறைந்து மூடியோடு போய்விட்டது. கீழே வெறும் ரொட்டிதான் மிச்சம். படியிறங்கினால் பத்தடியில் பிரியாணிக் கடை, தம் உடைக்கிற வாசனை மாடி வரைக்கும் வந்துகொண்டிருந்தது. நாங்கள் பதினோரு பேரும் அந்த வாசனையை மூக்கில் வைத்துக்கொண்டு இந்தக் கருமத்தை மென்றோம். ஆபீஸில் ஹேக்கத்தான், அதாவது இரண்டு நாளில் புது கம்ப்யூட்டர் வசதி செய்து காட்டும் போட்டி. ஹேக்கத்தான் என்றால் பீட்சாதான் தின்ன வேண்டும், அங்கே அப்படித்தான் வழக்கம் என்று எங்கள் முதலாளி சொல்லிவிட்டார். அங்கே என்றால் அமெரிக்கா.

அவர் ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருந்த வீட்டுப் பிள்ளை. நாலு வருடம் அமெரிக்காவில் ஒரு பெரிய சமூக வலைத்தளக் கம்பெனியில் வேலை பார்த்ததாகச் சொல்வார். அங்கே என்ன வேலை என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். திரும்பி வந்ததும், தென்மாவட்டத்துத் தமிழர்களுக்கென்றே ஒரு சமூக வலைத்தளம் கட்டப் போகிறேன் என்று கிளம்பினார். பாத்திரக்கடை மாடியை வாடகைக்குப் பிடித்து, சுவரெல்லாம் ஆரஞ்சு பெயிண்ட் அடித்து, தெர்மாகோல் உருண்டை அடைத்த மூட்டை நாற்காலி மூன்றை வாங்கிப் போட்டார். அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒருத்தர் கைகொடுக்க வேண்டும். அந்த ஆபீஸில் நாங்கள் பெண்கள் மூன்று பேர். கடைசி வரைக்கும் ஒருத்தியும் அதில் உட்காரவில்லை.

அந்த வலைத்தளத்தின் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். ஊரிலுள்ள பிரவுசிங் சென்டர் அத்தனையிலும் பையன்கள் வெளிநாட்டுக்காரன் வலைத்தளத்தில் விழுந்து கிடந்தார்கள். எங்கள் தளத்தில் இருந்தவர்கள் நாங்கள், எங்கள் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள், முதலாளியின் கல்லூரிச் சிநேகிதர்கள், பிறகு ஒரு பூ வியாபாரி. அந்தப் பூ வியாபாரி தினமும் மல்லிகை விலையை மட்டும் எழுதிவிட்டுப் போவார். உண்மையில் யாருக்காவது உபயோகப்பட்டது அது ஒன்றுதான். அவரையும் விளம்பரம் செய்கிறார் என்று சொல்லித் தூக்கிவிட்டார்கள்.

நான் குஜிலியம்பாறைக்காரி. திண்டுக்கல்லில் பி.சி.ஏ. முடித்துவிட்டு, பெண்கள் ஹாஸ்டலில் தங்கி அங்கே வேலை பார்த்தேன். புரோகிராம் எழுதுவது என் வேலை என்று ஆர்டரில் இருந்தது. ஆனால் பையன்கள் எழுதியதைச் சரிபார்க்கத்தான் என்னை வைத்திருந்தார்கள். அவர்கள் செய்த தப்பைச் சொன்னால், "மேடம் கண்டுபிடிச்சிட்டாங்கப்பா" என்று ஒரு இளிப்பு வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாளாவது இவன்கள் வாயை மூட வைக்க வேண்டும் என்று இரண்டு வருடம் கறுவிக்கொண்டிருந்தேன். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்தக் கறுவல்தான் காரணம்.

என் பக்கத்து மேசையில் வேடசந்தூர்க்காரி ஒருத்தி இருந்தாள். என்னைவிட மூன்று வயது இளையவள், என்னை அக்கா என்பாள். தளத்தில் ஏறுகிற படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அசிங்கமானதை நீக்குவது அவள் வேலை. இருபத்திரண்டு வயதுப் பெண்ணை உட்கார வைத்து ஊர்க் கழிசடையெல்லாம் பார்க்கச் சொல்லிவிட்டு, அதற்கு ஆங்கிலத்தில் பெரிதாக ஒரு பதவிப் பெயரும் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு அப்பா இல்லை. அம்மா நூற்பு மில்லில் ஷிப்டுக்குப் போகிறவர். அண்ணன் மில் பஸ் ஓட்டுகிறவன். தை பிறந்ததும் அத்தை மகனுக்குக் கட்டிக்கொடுப்பது என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். அதுவரைக்கும் திண்டுக்கல்லுக்கு வேலைக்குப் போய் வரலாம், காலையில் போய்ச் சாயங்காலம் வீடு திரும்பிவிட வேண்டும் என்பது அண்ணன் போட்ட சட்டம்.

அவள் யாருக்கும் தெரியாமல் பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் எல்லாரும் சனிக்கிழமை வேலை பார்த்தோம். அவளுக்கு மட்டும் சனி ஞாயிறு இரண்டு நாளும் லீவு. வீட்டில் சனிக்கிழமையும் ஆபீஸ் என்று சொல்லிவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறிவிடுவாள். அங்கே ஒரு கோச்சிங் சென்டரில் சனிக்கிழமை முழுக்க வகுப்பு. வகுப்பு முடிந்து, ஆபீஸ் விடுகிற நேரத்துக்குத் திண்டுக்கல் வந்து, எப்போதும் போகிற பஸ்ஸிலேயே வேடசந்தூர் போய்விடுவாள். எட்டு மாதம் இப்படி ஓட்டினாள். கேட்டதற்கு ஒரு தரம் சொன்னாள்:

"ஆர்டர் கையில வந்துருச்சுன்னா அண்ணனால ஒண்ணும் சொல்ல முடியாதுக்கா. அதுவரைக்குந்தான் இம்புட்டுப் பொய்யும்."

பொய்யில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. அப்போது செல்போன் ஊருக்குள் வந்துவிட்டது, ஆனால் ஆளுக்கு ஒன்று வரவில்லை. வீட்டுக்கு ஒன்று, அதுவும் ஆண்பிள்ளை சட்டைப் பையில். எங்கள் பக்கத்தில் அதற்குள் ஒரு வழக்கம் முளைத்துவிட்டது. எங்கே போனாலும் போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்கு இரண்டு ரிங் விட்டு வைத்துவிட வேண்டும். எடுக்க மாட்டார்கள், எடுத்தால் காசு. இரண்டு ரிங் வந்தால் ஆள் பத்திரமாகச் சேர்ந்தாச்சு. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தெருவுக்கே ஒரு போன், கல்யாணப் பத்திரிகையில்கூட அடுத்த வீட்டு நம்பரைப் போட்டு பி.பி. என்று அச்சடிப்பார்கள். அந்த நாளோடு பார்த்தால் இரண்டு ரிங் பெரிய வசதிதான். அவள் தினமும் ஒன்பது மணிக்கு ஆபீஸ் லேண்ட்லைனிலிருந்து அண்ணன் செல்லுக்கு இரண்டு ரிங் விடுவாள். சனிக்கிழமை மட்டும் அந்த ரிங்கை நான் விட்டேன். எட்டு மாதத்தில் அந்த நம்பர் என் விரலுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

ஹேக்கத்தானை முதலாளி ஒரு புதன்கிழமை அறிவித்தார். வியாழனும் வெள்ளியும் வழக்கமான வேலை கிடையாது, ஆளாளுக்கு மனதில் தோன்றுகிற புது வசதி ஒன்றைத் தளத்துக்காகச் செய்து பார்க்கலாம், சனிக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து பணம் போடப் போகிற இரண்டு பேர் வருவார்கள், அவர்கள் முன்னால் காட்ட வேண்டும், ஜெயித்தவருக்கு ஒரு புது செல்போன் என்றார். சுதந்திரமாக யோசியுங்கள் என்று மூன்று முறை சொன்னார். சுதந்திரமாக யோசிக்கச் சொன்ன அந்த வியாழக்கிழமை காலையிலேயே இரண்டு மணி நேரம் கரண்ட் கட். பதினோரு பேரும் இருட்டில் பேப்பரில் கட்டம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வாட்ச்மேன் எட்டிப் பார்த்துவிட்டு, பரீட்சை எழுதுகிறார்களா என்று கேட்டார்.

அந்த இரண்டு நாளில் பிறந்த அதிசயங்களைக் கேளுங்கள். இரண்டு பையன்கள் சேர்ந்து, பிறந்தநாள் வந்தால் தானாகவே பிளக்ஸ் தயாரித்துக்கொள்ளும் வசதி செய்தார்கள். நடுவில் கூலிங் கிளாஸோடு பிறந்தநாள்காரன், சுற்றி வரிசையாகத் தபால்தலை சைஸில் சிநேகிதர்கள் முகம். ஊரில் மூத்திரச் சந்து வரைக்கும் கட்டித் தொங்கவிட்டது போதாதென்று கம்ப்யூட்டருக்குள்ளும் கொண்டுவந்தார்கள். இன்னொருத்தன் நட்சத்திரம், ராசி கொடுத்தால் நட்புப் பொருத்தம் பார்த்துச் சொல்லும் வசதி செய்தான். பொருத்தம் இல்லாதவன் சிநேகிதனாகச் சேரவே முடியாது. சோதித்துப் பார்த்ததில் அவனுக்கும் அவன் கூடவே டீ குடிக்கப் போகிறவனுக்கும் பொருத்தம் இல்லையென்று வந்து, இரண்டு பேரும் மத்தியானம் வரைக்கும் பேசிக்கொள்ளவில்லை.

மூன்றாவதாக ஒருவன் செய்தது, உன் பக்கத்தை யார் யார் எட்டிப் பார்த்தார்கள் என்று காட்டிக்கொடுக்கும் வசதி. நல்ல வசதிதான். வெள்ளிக்கிழமை காலையில் அதை ஓடவிட்டான். ரிசப்ஷனில் இருந்த பெண்ணின் பக்கத்தை முதலாளி நாற்பது தடவைக்கு மேல் பார்த்திருப்பதாகத் திரையில் வந்தது. முதலாளி சிரித்துக்கொண்டே அவன் தோளில் தட்டி, இது நம் பண்பாட்டுக்குச் சரிவராது என்றார். பத்து நிமிடத்தில் அந்த வசதியைக் காணோம். அவர் பெயர் வந்த இடத்தில் பண்பாடு வந்துவிட்டது பாருங்கள். அதைப் பார்த்தபோதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

எனக்கு வந்தது யோசனைதான். இரண்டு ரிங்கை கம்ப்யூட்டரே விட்டால் என்ன? ஒரு சிம் போட்ட மோடத்தை கம்ப்யூட்டரில் மாட்டிவிட வேண்டும். காலையில் ஒருத்தர் வந்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் தளத்துக்குள் நுழைந்ததும், அவர் வீட்டுக்குத் தானாக ஒரு மெசேஜ் போக வேண்டும். செல்லில் தமிழ் எழுத்து வராது, அதனால் ஆங்கில எழுத்தில் தமிழ். இன்னார் ஆபீஸ் வந்து சேர்ந்தாச்சு, அவ்வளவுதான். அதற்குப் பெயரே 'சேர்ந்தாச்சு' என்று வைத்தேன். பட்டியலில் உள்ள எல்லாரும் வந்துவிட்டால் திரையில் பச்சை நிறத்தில் "எல்லாரும் வந்து சேர்ந்தாச்சு" என்று வரும், பக்கத்தில் ஒரு பூ விரியும். அந்தப் பூவுக்கு மட்டும் அரை நாள் ஆனது.

அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஒரு பெண்ணின் ரகசியத்துக்குக் காவலாக நான் எட்டு மாதம் செய்துவந்த காரியத்தை எடுத்துப் பூ வைத்து மேடையேற்றினேன். அவள் பக்கத்து மேசையில்தான் இருந்தாள். நல்லா இருக்குக்கா, நீங்கதான் ஜெயிப்பீங்க என்றாள். சனிக்கிழமை எல்லாரும் வர வேண்டும் என்று முதலாளி சொன்னபோது அவள் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு கோச்சிங் சென்டரில் கடைசி மாதிரித் தேர்வு. நிஜப் பரீட்சை மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு என் சித்தி மகனுக்குக் காதுகுத்து என்று வீட்டில் சொல்லிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. இல்லாத மகனுக்குக் காதுகுத்து வைத்துச் சிரித்துக்கொண்டோம். ஹால் டிக்கெட்டுக்குக் கொடுத்த விலாசம் என் ஹாஸ்டல் விலாசம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதலாளி வந்து, பொம்மைப் பெயர்களை வைத்துக் காட்ட வேண்டாம், நிஜ ஆட்களைப் போடு, பயோடேட்டாவில் வீட்டு நம்பர் இருக்கிறது என்றார். முதலாளியையும் சேர்த்துப் பதினோரு பேரையும் ஏற்றினேன். பத்துப் பேருக்கு ஃபைலைப் பார்த்துப் பார்த்து அடித்தேன். அவள் வீட்டு நம்பருக்கு ஃபைலைப் பார்க்கவே இல்லை, விரல் தானாக அடித்தது. அப்போதும் எனக்குச் சுருக்கென்று படவில்லை. வந்தால்தானே மெசேஜ் போகும், அவள்தான் நாளைக்கு வரப்போவதில்லையே என்றுகூட நான் யோசித்ததாக ஞாபகம் இல்லை. பூ சரியாக விரிகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வழக்கம்போல லேண்ட்லைனை எடுத்து அவள் அண்ணனுக்கு இரண்டு ரிங் விட்டேன். வைத்துவிட்டு என் இடத்துக்கு வந்தேன். ஒன்பதரைக்கு முதலாளி புதுச் சட்டையில் வந்து நின்றார். சேர்ந்தாச்சு என்று மட்டும் சொன்னால் சப்பென்று இருக்கிறது, பதைப்பு இல்லை என்றார். வந்து சேர்வது ஒரு செய்தியா, வந்து சேராததுதானே செய்தி, பத்து மணிக்குள் வராதவர்கள் வீட்டுக்கு "இன்னும் வந்து சேரவில்லை" என்று போகட்டும் என்றார். சுற்றி நின்ற பையன்கள், "ஆமா சார், சூப்பர் சார்" என்றார்கள். பத்து நிமிடத்தில் முடியுமா என்று அதில் ஒருத்தன் கேட்டான். முடியாது என்று அவன் நினைப்பது அவன் முகத்தில் தெரிந்தது.

ஏழு நிமிடத்தில் முடித்தேன். ஐந்தே வரி. அவன் முகம் சுருங்கியதைப் பார்க்க அவ்வளவு ருசியாக இருந்தது. அரைமணி நேரத்துக்கு முன்னால் சேர்ந்தாச்சு என்று ரிங் விட்ட அதே கையால் சேரவில்லை என்று எழுதியிருக்கிறேன். இரண்டும் ஒரே நம்பருக்கு. என்னைப் போல ஒரு மடச்சி இந்த ஜில்லாவில் இருந்திருக்க மாட்டாள். மடத்தனம் என்று சொல்வதுகூட எனக்கு நானே சலுகை காட்டிக்கொள்வது. அந்த அரைமணி நேரம் அவள் என் நினைப்பிலேயே இல்லை என்பதுதான் நிஜம்.

கோயம்புத்தூர்க்காரர்கள் இரண்டு பேரும் பத்து மணிக்கு வந்து அந்த மூட்டை நாற்காலிகளில் புதைந்தார்கள். பிளக்ஸ் ஓடியது, பொருத்தம் ஓடியது. பிறகு என் முறை. பத்துப் பேர் வீட்டுக்கு மெசேஜ் போனதைத் திரையில் காட்டினேன். பதினோராவது பெயர் சிவப்பில் நின்றது. பக்கத்தில் "இன்னும் வந்து சேரவில்லை: அனுப்பியாச்சு" என்று இருந்தது. அந்தப் பெயரைப் பார்த்த பிறகுதான் மெசேஜ் யார் வீட்டுக்குப் போயிருக்கிறது என்று எனக்கு உறைத்தது. வாய் பேசிக்கொண்டே இருந்தது, மோடம், சிம், வேகம் என்று என்னென்னவோ. முதலாளி கையைத் தட்டினார்.

பதினொன்றரை வாக்கில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒருவன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். காக்கிச் சட்டை, கையில் செல். அந்த ஆபீஸுக்குள் யாரும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நான் பார்த்ததில்லை. தங்கச்சி இருக்கிறாளா, ஆபீஸுக்கு வந்து சேரவில்லை என்று மெசேஜ் வந்தது என்று பொதுவாகக் கேட்டான். பஸ்ஸை மில்லில் விட்டுவிட்டு யாரிடமோ பைக் இரவல் வாங்கி, வழியெல்லாம் எங்காவது ஆக்சிடெண்ட் கூட்டம் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்திருக்கிறான்.

நான் முந்திக்கொண்டு, அவள் ஆபீஸ் வேலையாக பேங்குக்குப் போயிருக்கிறாள், இப்போது வந்துவிடுவாள் என்றேன். அவன் மூச்சு விட்டான். அதோடு முடிந்திருக்கும். ஆனால் எங்கள் முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. மெசேஜ் போன ஒன்றரை மணி நேரத்தில் அதை வாங்கியவனே நேரில் வந்து நிற்கிறான், இதைவிட நல்ல டெமோ உலகத்தில் உண்டா? கோயம்புத்தூர்க்காரர்கள் பக்கம் திரும்பி, பாருங்கள் சார், பாருங்கள் சார் என்று அந்த மனுஷனைக் கையால் காட்டினார். அப்புறம் நான் சொன்னதைத் திருத்தினார்.

"பேங்குக்கெல்லாம் போகலைங்க. கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்க. அந்தப் பொண்ணுக்குச் சனிக்கிழமையே லீவுதானுங்களே, சேந்த நாள்ல இருந்து."

அண்ணன் அவரைப் பார்த்தான். பிறகு திரையைப் பார்த்தான், சிவப்பில் தங்கச்சி பெயர். பிறகு என்னைப் பார்த்தான். சத்தம் போடவில்லை.

"ஒம்பது மணிக்கு ரெண்டு ரிங் வந்துச்சேம்மா. அத விட்டது யாரு?"

பரீட்சைக்குப் படிக்கப் போயிருக்கிறாள், வேறொன்றும் இல்லை என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் அவள் ரகசியம் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டதாகப் பல வருடம் எனக்கே சமாதானம் சொல்லிவந்தேன். பச்சைப் பொய். பத்துப் பேர் முன்னால், பணம் போட வந்தவர்கள் முன்னால், நான் அசிங்கப்பட விரும்பவில்லை. அதுதான் உண்மை. அவன் ரிசப்ஷனிலிருந்த லேண்ட்லைனைச் செத்த நேரம் பார்த்துவிட்டு, வெளியே போய் செருப்பைப் போட்டுக்கொண்டு பைக்கைத் தள்ளிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தான்.

மத்தியானம் பரிசு கொடுத்தார்கள். எனக்குத்தான். பையன்கள் வாயை மூடிக்கொண்டு கை தட்டினார்கள், நான் இரண்டு வருடம் ஆசைப்பட்ட மாதிரியே. போட்டோ எடுத்தார்கள், அதில் நான் சிரித்திருக்கிறேன். மூன்று மணிக்குத்தான் அவள் மேசை இழுப்பறையில் கோச்சிங் சென்டர் ரசீது இருப்பது நினைவுக்கு வந்தது. அதில் நம்பர் இருந்தது. கூப்பிட்டேன். இன்று மாதிரித் தேர்வு மட்டும்தான், ஒரு மணிக்கே எல்லாரும் கிளம்பிவிட்டார்கள் என்றார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். மதுரை பஸ் நிற்கிற இடத்தில் யாரும் இல்லை. அண்ணன் அவளை அங்கேயே பிடித்து பைக்கில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான், கையிலிருந்த புத்தகத்தை வாங்கி அங்கேயே போட்டான் என்று பூக்கட்டுகிற அம்மா சொன்னார். புத்தகத்தை அவரே எடுத்து வைத்திருந்தார், என்னிடம் கொடுத்தார்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. திங்கட்கிழமை ஆபீஸில் வேறொரு கூத்து நடந்தது. 'சேர்ந்தாச்சு' இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, நம் ஆட்களிடமே ஓடவிட்டுப் பார்ப்போம் என்று முதலாளி உத்தரவு போட்டிருந்தார். ஒன்பது மணிக்குள் எவனும் வருவதில்லை, பாதிப் பேர் பத்தரைக்கு வருகிறவர்கள். வீட்டில் எட்டு மணிக்கே கிளம்பிவிட்டு எங்கே போகிறாய் என்று சனிக்கிழமையே நாலு வீட்டில் கேள்வி வந்துவிட்டது. லீவு நாள் எதுவென்று நான் எழுதாததால், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் படுத்திருந்தவர்கள் வீட்டுக்கும் இன்னும் வந்து சேரவில்லை என்று மெசேஜ் போயிருந்தது. ஒருத்தன் வேலை நேரத்தில் சினிமா பார்ப்பவன், ஒருத்தன் டீக்கடையிலேயே குடியிருப்பவன். ஒவ்வொருவனும் தன் பக்கத்துக்குப் போய், பெயரை நீக்கும் பொத்தானை அழுத்தி, சத்தமில்லாமல் வெளியே வந்தான். மத்தியானத்துக்குள் முதலாளியே தன் பெயரை எடுத்துவிட்டார், அவர் வீட்டு அம்மா போன் செய்தாராம். உலகத்துக்கெல்லாம் இதை விற்கப் போவதாகச் சொன்னவர்கள் ஒருத்தரும் இரண்டு நாள் தாங்கவில்லை.

நானும் என் பெயரை எடுத்தேன். அன்று காலை வந்ததும் முதல் வேலை அதுதான். அந்தப் பொத்தானைச் செய்தவளே நான். பட்டியலைத் திறந்து யார் மிச்சம் என்று பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் கோயம்புத்தூர்க்காரர்கள் பணம் போட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். முதலாளி ஒரே நாளில் சமூக வலைத்தளத்தை மறந்துவிட்டு ஆன்லைனில் காய்கறி விற்பது பற்றிப் பேச ஆரம்பித்தார். மோடம் மாட்டிய கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஹால் டிக்கெட் என் ஹாஸ்டலுக்கு வந்தது. அதையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வேடசந்தூர் போனேன். அவள் அம்மா ஷிப்ட் முடிந்து வந்த பஞ்சுத் தலையோடு வாசலில் நின்றார். உள்ளே வா என்று சொல்லவில்லை. பரீட்சைக்குத்தான் போனாள், வேறு ஒன்றும் இல்லை, இதோ பாருங்கள் என்று ஹால் டிக்கெட்டை நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை. எட்டு மாசம் பொய் ரிங் விட்டவ வாயி, இப்ப மட்டும் நெசஞ் சொல்லுதா என்று கேட்டார். உள்ளே ஒரு கதவு சாத்தப்பட்டது. அது அவளா, அண்ணனா தெரியாது. பரீட்சை நாளன்று நான் ஹாஸ்டலிலேயே படுத்துக் கிடந்தேன்.

அதற்கும் பத்து நாள் கழித்து ஆபீஸ் லேண்ட்லைனுக்கு ஒரு போன் வந்தது. ரிசப்ஷன் பெண் எனக்கு என்று கொடுத்தாள்.

"அக்கா, நாந்தான். பக்கத்து வீட்டுப் போனு, செத்த நேரந்தான் பேச முடியும். அந்த மெசேஜ நிப்பாட்டுங்கக்கா."

எந்த மெசேஜ் என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"தெனமும் பத்து மணிக்கு வருதுக்கா. அண்ணன் சாப்ட உக்காந்துக்கிட்டு சத்தமாப் படிக்குது. மொதல்ல அம்மா அழுதுச்சு, இப்ப அதுவும் சிரிக்குது. அந்தச் செல்போனத்தான் எனக்குச் சீரோட குடுத்துவிடப் போறாகளாம். அவுக வீட்டுலயும் வந்து நிக்கக் கூடாதுக்கா."

நிறுத்திவிடுகிறேன் என்றேன். பரீட்சையைப் பற்றி நான் ஏதோ ஆரம்பித்தேன். அது போயிருச்சுக்கா என்றாள், பஸ்ஸை விட்டுவிட்டதைச் சொல்வது போல. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் இத்தனை வருடத்தில் அதை எங்காவது தொலைத்திருப்பேன். வாரேன்க்கா என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மேசைக்கு அடியில் குனிந்து, அந்த கம்ப்யூட்டருக்குத் திரையை மாட்டிப் பட்டியலைத் திறந்தேன். பதினோரு பெயரில் பத்து இல்லை. தன் பெயரைத் தானே எடுத்துக்கொள்ள ஆபீஸுக்கு வர முடியாதவள் ஒருத்திதான், அவள் மட்டும் சிவப்பில் நின்றாள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி, எல்லா வரியிலும் ஒரே வாசகம், எல்லாவற்றின் பக்கத்திலும் "அனுப்பியாச்சு". பரீட்சை நடந்த ஞாயிற்றுக்கிழமையும் இருந்தது. அன்றைக்கும் சரியாகப் பத்து மணிக்கு அவள் வந்து சேரவில்லை என்று என் புரோகிராம் அவள் வீட்டுக்குச் சொல்லியிருந்தது.

அவள் பெயரை நீக்கினேன். பட்டியல் காலியானது. பட்டியலில் யாருமே இல்லாமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று நான் எழுதவே இல்லை. வராதவர் யாராவது உண்டா என்று அது தேடியது, ஒருத்தரும் இல்லை. திரை பச்சையாக மாறியது. எல்லாரும் வந்து சேர்ந்தாச்சு என்று காட்டி, பக்கத்தில் நான் அரை நாள் உட்கார்ந்து செய்த பூவை விரித்தது.